ஊசியும் கத்தரியும் வேண்டாத வாசல் தோரணம்: ஒரு கையால் வேலை செய்யும் பிள்ளைகளுக்கு

அக்கா மகனுக்கு ஒன்பது வயது. பெருமூளை வாதம். வலது கை நன்றாக வேலை செய்யும், இடது கை பெரும்பாலும் மூடியே இருக்கும். நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறேன். மெஷின் சத்தம் கேட்டாலே பக்கத்தில் வந்து உட்கார்ந்து "எனக்கும் ஒரு வேலை குடு சித்தி" என்பான். என்ன வேலை கொடுப்பது என்று தெரியாமல் ஏழெட்டு மாதம் தடுமாறினேன்.

முதலில் அவன் ஆசைப்பட்டது எங்கள் சாவிக்கொத்தில் தொங்கும் சுனாமிகா பொம்மைக்கு. 2004 சுனாமிக்குப் பிறகு ஆரோவில்லில் இருக்கும் உபாசனா என்ற துணி வடிவமைப்பு நிறுவனம், மீனவப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்த குட்டித் துணிப்பொம்மை அது. மிச்சத் துணியில் செய்து, விற்காமல் அன்பளிப்பாகவே கொடுத்தார்கள். பார்க்க எளிது. ஆனால் விரல் நீளம்கூட இல்லாத பொம்மைக்கு நூல் சுற்ற இரண்டு கைகளின் விரல்நுனியும் வேண்டும். பத்தாவது நிமிடத்தில் அவன் அழுதான், எனக்கும் எரிச்சல் வந்தது. பொம்மையை ஓரம் வைத்துவிட்டு, நாடாவில் துணித் துண்டுகளை வரிசையாக முடிந்து தொங்கவிடும் தோரணத்துக்கு வந்தோம்.

வேண்டியவை

கிழியக்கூடிய பருத்தித் துணி, பாவாடை நாடா ஐந்து அடி, பரீட்சை அட்டை ஒன்று, காலியான நூல் ரீல் இரண்டு, ஈரத்துண்டு ஒன்று. அப்புறம் ஒரு கிண்ணம் சோற்றுக் கஞ்சி. சிரிக்க வேண்டாம், கஞ்சியில்தான் விஷயமே இருக்கிறது.

துணிக்குக் கடைக்குப் போகாதீர்கள். திருப்பாதிரிப்புலியூர் லாரன்ஸ் ரோடு பக்கம் எந்த டெய்லரிடம் கேட்டாலும் வெட்டுத்துணி ஒரு பை கிடைக்கும். டூ பை டூ, பாப்ளின், லைனிங் துண்டுகள், பழைய காட்டன் லுங்கி, வேட்டி எல்லாம் நேராகக் கிழியும். ஓரத்தில் சின்னதாக வெட்டிக் கையால் இழுத்துப் பாருங்கள். முரண்டு பிடித்தால் பாலியஸ்டர் கலந்தது, ஒதுக்கிவிடுங்கள். எது கிடைத்தாலும் முதலில் துவையுங்கள். டெய்லர் கடைத் துணியில் தூசும் சாக்பீஸும் இருக்கும், இளைப்பு உள்ள பிள்ளைகளுக்கு ஆகாது.

பரீட்சை அட்டையில் பிளாஸ்டிக் வேண்டாம், வளையும். பழைய மாதிரி பழுப்பு நிற ஹார்ட்போர்டு, மேலே இரும்பு கிளிப், அதில் மாட்டுவதற்கு ஒரு ஓட்டை. அதுதான் நல்லது. இரண்டு கையும் வேலை செய்யும் பிள்ளைக்கு இன்னொரு கை செய்வதை இந்தப் பிள்ளைக்கு அந்த கிளிப் செய்யும்.

கஞ்சி, பிறகு கிழித்தல்

கஞ்சி போடத் தெரியாதவர்கள் இருக்க மாட்டீர்கள். வேட்டிக்குப் போடுவதைவிடக் கொஞ்சம் கெட்டியாகப் போட்டு, நல்ல வெயிலில் மொடமொடவென்று காய வையுங்கள். எங்கள் ஊரில் மழை நாளில் கடல்காற்றுக்குத் துணி நமநமவென்று ஆகிவிடும், அன்றைக்கு இந்த வேலையே வேண்டாம்.

காய்ந்த துணி பத்து அங்குல நீளம் இருக்கும்படி பாருங்கள். ஒரு ஓரத்தில் அங்குலத்துக்கு ஒன்றாக, அரை அங்குல ஆழத்துக்கு நீங்கள் வெட்டிக் கொடுங்கள். மீதியைப் பிள்ளை கிழிக்கட்டும். ஒரு கை மட்டும் வேலை செய்யும் பிள்ளைக்கு, அட்டையைக் கிளிப் ஓட்டை வழியாக ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிடுங்கள். அவர்கள் உட்காரும் உயரத்துக்கு கிளிப் நெஞ்சளவில் வரட்டும், சக்கர நாற்காலி என்றால் அதிலேயே உட்கார வைத்து அளந்துகொள்ளுங்கள். துணியின் ஒரு பாதி கிளிப்பில், மறுபாதி பிள்ளையின் கையில். கீழே இழுத்தால் சர்ர்ரென்று கிழிந்து வரும்.

அந்தச் சத்தம் அவனுக்கு அவ்வளவு பிடித்தது. முதல் நாள் தோரணமே கட்டவில்லை, முக்கால் மணி நேரம் கிழித்துக்கொண்டே இருந்தான். கையில் பலம் சேர இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது. ஸ்பிரிங் வைத்த கத்தரிக்கோல் ஒன்று ஆசையாக வாங்கினேன். இப்போது அதில் பால் பாக்கெட் வெட்டுகிறேன்.

மூன்றடி வாசலுக்கு நெருக்கமாகக் கட்டினால் எழுபது துண்டு பிடிக்கும். இடைவெளி விட்டால் நாற்பது போதும். முதல் தோரணத்துக்கு இடைவெளி விடுங்கள்.

அட்டையில் நாடா கட்டுவது

நாடாவை அட்டையின் நீளவாக்கில் சுற்றிப் பின்பக்கம் இறுக்கி முடியுங்கள். இப்போது நாடா அட்டையோடு ஒட்டிக் கிடக்கும், அதற்கு அடியில் துணி நுழையாது. இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு நூல் ரீலைப் படுக்க வைத்து நாடாவைத் தூக்கிவிடுங்கள், வீணையில் குதிரை தந்தியைத் தூக்கிப் பிடிப்பது போல. ரீல் இல்லாவிட்டால் தீப்பெட்டி வைக்கலாம், ஆனால் நசுங்கிவிடும். மேசையில் ஈரத்துண்டை விரித்து அதன்மேல் அட்டையை வையுங்கள், வழுக்காது. மூடிய கையை அட்டையின் ஓரத்தில் சும்மா பாரமாக வைக்கச் சொல்லுங்கள். விரல் திறக்க வேண்டியதில்லை, அந்தக் கைக்கும் வேலையில் ஒரு பங்கு இருக்கட்டும்.

முடிச்சு: நான் மாட்டிக்கொண்ட இடம்

முடிச்சு இதுதான். துண்டை இரண்டாக மடியுங்கள். மடித்த பக்கம் வாய், இரண்டு நுனியும் வால். வாயை நாடாவுக்கு அடியில் எதிர்ப்பக்கமாகத் தள்ளுங்கள், அந்தப் பக்கம் தலை நீட்டும். வாலைத் தூக்கி, நாடாவுக்கு மேலாகக் கொண்டுபோய், அந்த வாய்க்குள் விட்டு இழுங்கள். நமக்கு மூன்று விநாடி.

அவனுக்கு ஒரு வாரம் வரவில்லை. அவன் கைதான் காரணம் என்று நினைத்து நாடாவை மாற்றினேன், துண்டை அகலமாக்கினேன், ஒன்றும் நடக்கவில்லை. ஒரு நாள் எரிச்சலில் துண்டைத் தட்டிவிட்டு "வாய் மூடிக்குது சித்தி!" என்றான். குனிந்து பார்த்தேன். உண்மைதான். நான் கட்டும்போது இடது கை ஆட்காட்டி விரலை என்னையறியாமல் வாய்க்குள் வைத்துத் திறந்து பிடித்திருக்கிறேன். அவனுக்கு அந்த விரல் இல்லை. துவைத்த மெல்லிய துணி நாடாவைத் தாண்டியதுமே துவண்டு ஒட்டிக்கொள்கிறது. இல்லாத வாய்க்குள் எப்படி வாலை விடுவான்?

அன்றைக்குத் தற்செயலாக அப்பாவின் வேட்டி கஞ்சி போட்டுக் காய்ந்துகொண்டிருந்தது. அதன் ஓரக்கிழிசலில் ஒரு துண்டு எடுத்து மடித்தேன். வாய் திறந்தபடி நின்றது. முதல் துண்டு இரண்டாம் முயற்சியிலேயே அவனுக்கு வந்துவிட்டது. அப்பாவுக்கு மட்டும் ஒரு வேட்டி குறைந்தது.

மடித்த இடத்தை நகத்தால் நீவி விடாதீர்கள். வளைவாக இருந்தால்தான் வாய் திறந்திருக்கும், நீவினால் கஞ்சி போட்டதும் வீண்.

கற்றுக்கொடுக்கும் வரிசையையும் மாற்ற வேண்டியிருந்தது. புதுச்சேரியில் அவனைப் பார்க்கும் தெரபிஸ்ட் சொன்ன வழி இது. கடைசி வேலையை முதலில் கொடுக்க வேண்டும். முதல் சில நாள் எல்லாவற்றையும் நானே செய்து, வாலை இழுத்து இறுக்குவதை மட்டும் அவனிடம் விட்டேன். அது நன்றாக வந்த பிறகு, வாலை வாய்க்குள் விடுவதும் இழுப்பதும் அவன் பொறுப்பு. மடிப்பது கடைசியாக வந்தது. ஒவ்வொரு துண்டும் "நான் முடிச்சேன்" என்றுதான் முடிகிறது, அதனால் பாதியில் எழுந்து ஓடுவதில்லை. ஒரு தடவை உட்கார்ந்தால் எட்டுப் பத்துத் துண்டு, அவ்வளவுதான். நாம்தான் "இன்னும் நாலு போட்டா முடிஞ்சிடும்" என்று ஆசைப்படுவோம், அடக்கிக்கொள்ளுங்கள்.

அட்டையின் ஒரு பக்கம் நிரம்பியதும் பின்னால் அவிழ்த்து, நாடாவை நகர்த்தி மறுபடி கட்டுங்கள். எல்லாம் முடிந்ததும் தோரணத்தை ஒரு முறை தண்ணீரில் அலசி உலர்த்துங்கள். கஞ்சி போய்விடும், துணி காற்றில் ஆடும். நான் அலசாமல் மாட்டினேன், மூன்றாம் நாள் கரப்பான்பூச்சி வந்து ஓரமெல்லாம் அரித்துவிட்டது.

ஐந்தடி நாடா கழுத்தில் சுற்றக்கூடியது. அட்டையோடு பிள்ளையைத் தனியாக விட்டுப் போகாதீர்கள்.

பின்னால் சேர்த்தது

இதைப் படித்துவிட்டுச் சிலர் கேட்டவற்றுக்கு என் பதில்.

பார்வை குறைந்த பிள்ளைக்குக் கறுப்பு நாடாவும் மஞ்சள் துண்டும் கொடுங்கள், எடுப்பாகத் தெரியும். பழுப்பு அட்டையில் வெள்ளை நாடா வேண்டவே வேண்டாம். பார்வையே இல்லாத பிள்ளையின் கையை மேலிருந்து பிடித்து இழுக்காதீர்கள். உங்கள் கை கீழே வேலை செய்யட்டும், அவர்கள் கை அதன்மேல் இருந்து தெரிந்துகொள்ளட்டும். பிடிக்காதபோது கையை எடுத்துக்கொள்ளும் உரிமை அவர்களிடம் இருக்கும். துண்டுகளில் பட்டு, சணல், வெல்வெட் என்று கலந்தால் நிறத்துக்குப் பதில் தொடுகையிலேயே தோரணம் அழகாகும்.

கிழிக்கும் சத்தம் தாங்காத, பிசிர் நூல் விரலில் பட்டால் கூசும் பிள்ளைகள் உண்டு. அவர்களுக்குப் பனியன் துணி. ஒர்க்ஷாப்களுக்குக் கிலோ கணக்கில் விற்கும் பனியன் வேஸ்ட் போதும், சுடுதண்ணீரில் துவைத்துக்கொள்ளுங்கள். கிழியாது, நீங்கள்தான் வெட்ட வேண்டும். இழுத்துவிட்டால் தானே சுருண்டு கயிறு மாதிரி நிற்கும், கஞ்சியும் தேவையில்லை.

எதையும் வாயில் வைக்கும் பிள்ளை என்றால் வீட்டுக் கஞ்சி மட்டும், கடையில் விற்கும் ஸ்டார்ச் கூடாது. துண்டின் பிசிரை அவ்வப்போது நறுக்கிவிடுங்கள்.

கடைசியாக ஒரு அம்மா கேட்டது: கிழிக்கப் பழகிய பெண் புது நைட்டியையும் கிழித்துவிட்டாளாம். எங்கள் வீட்டிலும் அக்காவின் துப்பட்டா ஒன்று அப்படித்தான் போனது. அதன்பிறகு கிழிக்கும் துணியெல்லாம் ஒரு மஞ்சப்பைக்குள் போனது. பையிலிருந்து வந்தால் கிழிக்கலாம், வேறெங்கிருந்து வந்தாலும் கிழிக்கக் கூடாது. இரண்டு வாரத்தில் பிடித்துக்கொண்டான். இப்போது கிழிக்க ஆசை வந்தால் வேண்டிய துணியை அவனே அந்தப் பைக்குள் போட்டுவிட்டு, பிறகு எடுக்கிறான். போன வாரம் என் அளவு பிளவுஸை அதிலிருந்துதான் மீட்டேன்.