மூன்று வாக்கு போட்டவரிடம் ஒரே ஒரு கேள்வி: தேர்தலுக்குப் பிந்தைய சர்வேயில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மொரீஷியஸில் 2024 நவம்பர் பொதுத் தேர்தல் முடிந்து சில வாரங்கள் ஆகியிருந்தன. ரோஸ்ஹில் பக்கம் ஒரு வீட்டு வராந்தாவில் உட்கார்ந்து, ஒரு சின்ன ஆய்வுக் குழுவுக்காகக் கேள்வித்தாளை வாசித்துக்கொண்டிருந்தேன். “இந்தத் தேர்தலில் எந்தக் கட்சிக்கு வாக்களித்தீர்கள்?” எதிரில் இருந்த பாட்டி கொஞ்சம் யோசித்துவிட்டு, தீவின் பேச்சுமொழியான கிரியோலில் திருப்பிக் கேட்டார்: “எந்த வாக்கைக் கேட்கிறே, மோ கார்சோன் (என் பையா)? நான் மூணு போட்டேனே.”

என் தாளில் ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது.

மொரீஷியஸில் வாக்களித்த யாருக்கும் அந்தக் கேள்வி அபத்தமாகத்தான் படும். தீவில் இருக்கும் 20 தொகுதிகளிலும் ஒவ்வொரு வாக்காளரும் மூன்று வேட்பாளர்களுக்குக் குறியிட வேண்டும். இரண்டு போட்டால் சீட்டு செல்லாது, நான்கு போட்டாலும் செல்லாது. மூன்றையும் ஒரே அணிக்குப் போடுகிறவர்கள் நிறைய பேர். இரண்டு இந்தப் பக்கம், ஒன்று தெரிந்த குடும்பத்துப் பையனுக்கு என்று பிரித்துப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். யார், எதற்காக, யாருக்கு அந்த மூன்றாவது வாக்கைப் பிரித்துக் கொடுத்தார்கள் என்பதுதான் உண்மையில் சுவாரஸ்யமான விஷயம். எங்கள் கேள்வித்தாளில் அதற்கு இடமே இல்லை. வேறு ஏதோ ஒரு நாட்டில், ஒருவருக்கு ஒரு வாக்கு என்ற முறைக்காக எழுதிய படிவத்தை எடுத்து, கட்சிப் பெயர்களை மட்டும் மாற்றிக்கொண்டு கிளம்பியிருந்தோம். குழுவில் எல்லோரும் இங்கேயே பிறந்து வளர்ந்து வாக்களித்தவர்கள் என்பதைச் சொல்ல இப்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

இதற்கு வழி ரொம்ப எளிது. அந்தந்தத் தொகுதியின் வேட்பாளர் பெயர்களோடும் கட்சிச் சின்னங்களோடும் ஒரு மாதிரி வாக்குச்சீட்டு அடித்துக்கொண்டு போங்கள். அவரே மூன்று குறி போட்டு, மடித்து, நீங்கள் கொண்டுபோன பெட்டியில் போடட்டும். இந்தியாவில் லோக்நிதி – சி.எஸ்.டி.எஸ். குழு தேர்தல் ஆய்வுகளில் இப்படி மாதிரிச் சீட்டும் பெட்டியும் பயன்படுத்தி வந்திருக்கிறது. வாயால் சொல்லக் கூசுகிறவர்கூடச் சீட்டில் குறியிடத் தயங்குவது குறைவு. சீட்டிலும் கேள்வித்தாளிலும் ஒரே எண்ணைப் போட்டு வைக்க மறந்துவிடாதீர்கள், இல்லாவிட்டால் எந்தச் சீட்டு எந்தப் பதில்களோடு சேரும் என்று கண்டுபிடிக்க முடியாது. அப்புறம், அந்த எண் எதற்கு என்பதை அவரிடமே வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். ரகசியமாக வைத்தால் யாராவது ஒருவர் கவனித்துவிடுவார், தெரு முழுக்கக் கதை பரவிவிடும்.

இதே மூன்று வாக்கு, பின்னால் கணக்குப் போடும்போதும் காலை வாரும். நீங்கள் எண்ணுவது ஆட்களை. அதிகாரபூர்வ முடிவில் வருவதோ வேட்பாளர் வாரியாக விழுந்த வாக்குகள். இரண்டையும் அப்படியே பக்கத்தில் பக்கத்தில் வைத்து “நம் சர்வே ஐந்து புள்ளி தப்பு” என்று சொல்வது மாங்காயையும் தேங்காயையும் ஒரே தராசில் நிறுத்துவது போல. சர்வேயிலும் மூன்று மூன்றாக வாக்குகளை எண்ணி, அதற்குப் பிறகுதான் ஒப்பிட வேண்டும்.

சரி, அடுத்தது ஜெயித்தவர் பக்கம் சாய்கிற ஞாபகம். 2024இல் அலியான்ஸ் டு ஷாஞ்மான் (மாற்றத்துக்கான கூட்டணி) என்ற எதிர்க்கட்சி அணி தீவின் 60 இடங்களில் 60ஐயும் எடுத்தது. இந்த நாட்டில் 1982இலும் 1995இலும் இதே 60–0 நடந்திருக்கிறது. ஆனால் வாக்கில் அந்த அணிக்குக் கிடைத்தது 60 சதவீதத்துக்குச் சற்று மேலேதான், அதாவது கணிசமான பேர் தோற்ற பக்கம் போட்டிருக்கிறார்கள். ஒரு மாதம் கழித்து அவர்களைத் தேடிப் பாருங்கள், ஆளையே காணோம்! பொய் சொல்கிறார்கள் என்று சட்டென முடிவு கட்டிவிட வேண்டாம். சிலருக்கு உண்மையிலேயே ஞாபகம் அந்தப் பக்கம் நகர்ந்துவிடுகிறது. சிலர் கேட்க வந்தவரைக் கட்சியின் ‘அஸான்’, அதாவது ஏஜென்ட், என்று நினைத்துவிடுகிறார்கள். அதனால் கிடைத்த சதவீதத்தை அப்படியே வெளியிடாதீர்கள். அதிகாரபூர்வ முடிவோடு பொருந்தும்படி எடை போட்டு, அதாவது சில பதில்களைக் கூடுதலாகவும் சிலவற்றைக் குறைவாகவும் கணக்கில் எடுத்து, சரிசெய்யலாம்தான், ஆனால் தோற்ற பக்கத்துக்குப் போட்டதை மறைத்தவரின் மனநிலையை எந்த எடையும் திருப்பிக் கொண்டுவராது.

வாக்களித்தாரா இல்லையா என்ற கேள்வியிலும் இதே கதைதான். பதிவான வாக்கு சுமார் 80 சதவீதம். “வாக்களித்தீர்களா?” என்று மொட்டையாகக் கேட்டால் அதைவிடக் கூடுதலான பேர் ஆமாம் என்பார்கள், ஏனென்றால் இல்லை என்று சொல்வது கடமை தவறிய மாதிரி இருக்கிறது. முதலில் அவருக்கு ஒரு வாசலைத் திறந்து வைக்க வேண்டும்: “உடம்பு சரியில்லாமலோ, வேலை இருந்தோ, மனசில்லாமலோ பலரால் போக முடியவில்லை. உங்களுக்கு எப்படி?” பதில்களிலும் ‘ஆம், இல்லை’ என்று இரண்டை மட்டும் வைக்காமல், ‘போக நினைத்தேன், போகவில்லை’, ‘வழக்கமாகப் போவேன், இந்த முறை போகவில்லை’ என்று சேர்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்கத் தேசியத் தேர்தல் ஆய்வில் இந்த மாதிரி வாசகங்களைப் பயன்படுத்துகிறார்கள். பெருமைக்காக ஆமாம் சொல்வது முழுக்க நின்றுவிடாது, கொஞ்சம் குறையும்.

போன தேர்தலைப் பற்றிக் கேட்பது இதைவிடப் பெரிய பொறி. எங்கே மாறினார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டு “2019இல் எந்த அணிக்குப் போட்டீர்கள்?” என்று கேட்டோம். இங்கே தொழிலாளர் கட்சி, எம்.எம்.எம்., பி.எம்.எஸ்.டி., எம்.எஸ்.எம். என்ற கட்சிகள் தேர்தலுக்குத் தேர்தல் அணி மாறும். 2014இல் தொழிலாளர் கட்சியும் எம்.எம்.எம்.மும் ஒரு பக்கம், பி.எம்.எஸ்.டி. எதிர்ப்பக்கம். 2019இல் தொழிலாளர் கட்சியும் பி.எம்.எஸ்.டி.யும் ஒன்றாக நின்றன, எம்.எம்.எம். தனியாக நின்றது. 2024இல் மறுபடி தொழிலாளர் கட்சியோடு எம்.எம்.எம்., பி.எம்.எஸ்.டி. மாறிப்போய் எம்.எஸ்.எம்.மோடு. அதிலும் 2014இல் ‘அலியான்ஸ் லெபெப்’ என்று ஒரு அணி ஜெயித்தது, 2024இல் அதே பெயரில் ஒரு அணி தோற்றது. இதில் யாருக்கு எது ஞாபகம் இருக்கும்? எனக்கே தாளைப் பார்த்தால்தான் வருகிறது. அணியின் பெயரைச் சொல்லிக் கேட்காதீர்கள். 2019இல் அந்தத் தொகுதியில் நின்றவர்களின் பட்டியலைக் காட்டிக் கேளுங்கள், ஆட்களின் பெயர் ஞாபகம் இருக்கும். அதுவும் முடியாவிட்டால் அந்தக் கேள்வியை விட்டுவிடலாம், குடி முழுகிப் போகாது.

எப்போது போவது என்பதைப் பற்றி யாரும் உட்கார்ந்து பேசுவதில்லை, பணம் வந்த தேதியில் போகிறார்கள். 2024 நவம்பர் 10 வாக்களிப்பு, மறுநாள் எண்ணிக்கை. 2025 மே 4 நகராட்சித் தேர்தல், அதுவும் 2015க்குப் பிறகு முதல்முறையாக நடந்தது. அதற்கடுத்த ஜூன் பட்ஜெட்டில் முதியோர் ஓய்வூதிய வயதை 60இலிருந்து படிப்படியாக 65 ஆக்குவோம் என்று அறிவித்தார்கள், நாடு முழுக்கக் கொதித்தது. ஜூலையில் போய் “நவம்பரில் ஏன் அப்படிப் போட்டீர்கள்?” என்று கேட்டால் உங்களுக்குக் கிடைப்பது நவம்பரின் காரணம் இல்லை, ஜூன் மாதத்துக் கோபம். போதாக்குறைக்கு ரோஸ்ஹில்காரர் ‘தேர்தல்’ என்றால் மே மாதத்தை நினைப்பார், நகராட்சி இல்லாத கிராமத்துக்காரர் நவம்பரை நினைப்பார். கேள்வியில் தேதியைப் போடுங்கள், எந்த அவைக்கான தேர்தல் என்றும் போடுங்கள். கூடுமானால் முதல் இரண்டு மாதத்துக்குள் களவேலையை முடித்துவிடுங்கள்.

முடிக்கும்போது நாட்காட்டியையும் ஒருமுறை பாருங்கள். எங்கள் களவேலை இழுத்துக்கொண்டே போய் 2025 பிப்ரவரி தொடக்கத்துக்கு வந்து நின்றது. பிப்ரவரி 11 தைப்பூசக் காவடி. கொடியேற்றத்திலிருந்து பத்து நாள் விரதம், மாலையானால் வீட்டில் ஆள் கிடையாது, எல்லாரும் கோவிலில். வேலைக்குப் போகிறவர்கள் கிடைக்கட்டும் என்று நாங்கள் மாலை நேரமாகப் பார்த்துத்தான் கதவைத் தட்டினோம். தமிழ் வீடுகளில் பாதிக்கு மேல் பூட்டு தொங்கியது. ‘ஆள் இல்லை’ என்று குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்கள் எங்கள் பிள்ளைகள். அது தவறு. பக்கத்து வீட்டை எடுத்துக்கொள்ளாமல், வேறு நாளில் வேறு நேரத்தில் மூன்று முறையாவது திரும்பி வர வேண்டும். இல்லாவிட்டால் எப்போதும் வீட்டில் இருப்பவர்களின் கருத்து மட்டும்தான் சேரும். வீட்டுக்குள்ளும் கதவைத் திறந்தவரிடமே கேட்டுவிடாமல், அடுத்துப் பிறந்தநாள் வரப்போகிற வாக்காளர் யார் என்று விசாரித்து அவரிடம் கேட்க வேண்டும்.

இதற்குப் போனே போதுமே என்பார்கள். வேறு ஊரில் போதும். இங்கே 2024 அக்டோபரில் ஒட்டுக்கேட்ட தொலைபேசி உரையாடல்கள் என்று ஒலிப்பதிவுகள் ஒவ்வொன்றாக வெளிவந்தன, நவம்பர் முதல் தேதி சமூக ஊடகங்களையே முடக்க உத்தரவு போட்டு, மறுநாளே திரும்பப் பெற்றார்கள். அந்தச் சூடு ஆறுவதற்குள் தெரியாத எண்ணிலிருந்து கூப்பிட்டு “யாருக்குப் போட்டீர்கள்?” என்றால் யார் வாயைத் திறப்பார்கள்? நேரில் போங்கள். 2017ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அரசியல் கருத்தும் இனப் பின்னணியும் தனிக் கவனம் தேவைப்படும் தகவல்கள். சம்மதம் வாங்கும் வாசகத்தைக் கடகடவென்று ஒப்பிக்காமல் நிதானமாகச் சொல்லுங்கள். பெயரும் முகவரியும் தனித் தாளில் இருக்கட்டும்.

இனி நம்மவர்கள் சமாசாரம். இந்த நாட்டு அரசமைப்பில் வேட்பாளர்களுக்கு நான்கு சமூகங்கள்: இந்து, முஸ்லிம், சீன–மொரீஷியர், இந்த மூன்றிலும் சேராத ‘பொது மக்கள்’. தமிழர், தெலுங்கர், மராத்தியர் எல்லாம் இந்துவுக்குள் போய்விடுவார்கள். 1972க்குப் பிறகு குடிக்கணக்கெடுப்பில் சமூகத்தைக் கேட்பதே இல்லை. ஆனால் மதம் எது என்று கேட்டால் ‘தமிழ்’ என்று பதில் சொல்கிற வீடுகள் ஏராளம். உங்கள் படிவத்தில் நான்கே கட்டம் இருந்தால் அவர்கள் முகம் சுளிப்பார்கள், பேட்டியின் மிச்சம் கசந்துவிடும். கேட்பதாக இருந்தால் கடைசியில் கேளுங்கள், அவர் சொன்ன சொல்லையே எழுதிக்கொள்ளுங்கள், எந்தக் கட்டத்தில் சேர்ப்பது என்பதைப் பின்னால் அலுவலகத்தில் பார்த்துக்கொள்ளலாம். முதல் கேள்வியாக வைத்துவிட்டால், அதற்குப் பின் வரும் எல்லாப் பதில்களையும் அவர் அந்தச் சமூகத்தின் பிரதிநிதியாக நின்று சொல்ல ஆரம்பிப்பார்.

அப்புறம் பத்திரிகைக்காரர் வந்து “தமிழர்கள் எப்படிப் போட்டார்கள்?” என்று கேட்பார். 1,200 பேர் மாதிரியில் மொத்த முடிவுக்குப் பிழை வரம்பு சுமார் 3 புள்ளி. தமிழர் நூற்றுக்கு ஆறு பேர் என்று வைத்துக்கொண்டால் மாதிரியில் கிடைப்பது 72 பேர். அந்த 72 பேருக்குப் பிழை வரம்பு 12 புள்ளியைத் தொடும், தெருத் தெருவாகக் கொத்தாக எடுத்திருந்தால் அதற்கும் மேலே போகும். ஐம்பது என்று நீங்கள் சொல்வது முப்பத்தெட்டாகவும் இருக்கலாம், அறுபத்திரண்டாகவும் இருக்கலாம். அதை வைத்துத் தலைப்புச் செய்தி போட்டால் அடுத்த தேர்தல் வரைக்கும் கோவில் சங்கக் கூட்டங்களில் அடிதடிதான். தமிழரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டுமென்றால் முதலிலேயே அவர்களிடம் கூடுதலாகப் பேட்டி எடுத்து, மொத்தக் கணக்கில் எடையைக் குறைத்துக்கொள்ள வேண்டும். முடியாவிட்டால் வாயை மூடிக்கொள்வது நல்லது.

மொழி விஷயத்தில் நானும் ஏமாந்தேன். தமிழர் வீடு என்றால் தமிழ்ப் படிவம் என்று ஆசையாக மொழிபெயர்த்து அச்சடித்தேன். ஒருவரும் கேட்கவில்லை. வீட்டில் பேச்சு கிரியோல், தமிழ் கோவிலிலும் வகுப்பிலும். கேள்விகளைக் கிரியோலிலேயே யோசித்து எழுத வேண்டும். பிரெஞ்சில் எழுதிவிட்டு, களத்தில் ஒவ்வொருவரும் தனக்குத் தோன்றியபடி கிரியோலில் சொல்லிக்கொள்ளட்டும் என்று விட்டால் பத்துப் பேர் பத்துக் கேள்வி கேட்டு வருவார்கள். ஆனாலும் அட்டையில் பல மொழிகள் போடுவதாக இருந்தால் வரிசையைப் பாருங்கள். 1998இல் மத்திய வங்கி புதிய ரூபாய் நோட்டுகளில் தமிழை இந்திக்குக் கீழே இறக்கியபோது எழுந்த எதிர்ப்பில் அந்த நோட்டுகளையே திரும்பப் பெற்றார்கள். நோட்டுக்கே அந்தக் கதி என்றால் உங்கள் சர்வே அட்டை எந்த மூலைக்கு!

“பிரதமர் மாற வேண்டும் என்றும் விலைவாசி குறைய வேண்டும் என்றும் வாக்களித்தீர்களா?” மாதிரி இரண்டை ஒன்றாகக் கட்டிய கேள்விகள், “ஊழலை எதிர்த்து” என்று பதிலை வாயில் ஊட்டுகிற கேள்விகள், ஐம்பது நிமிடம் இழுக்கிற படிவங்கள் பற்றியெல்லாம் எந்தப் பாடப்புத்தகத்திலும் இருக்கும். பதினைந்து பேரிடம் முன்கூட்டியே சோதித்துப் பார்த்தால் பெரும்பாலும் தானாகவே வெளியே வந்துவிடும். அந்தப் பதினைந்து பேரில் உங்கள் சொந்தக்காரர் யாரும் இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

ஒன்று விட்டுப்போயிற்று. மொரீஷியஸ் நாட்டின் இன்னொரு தீவான ரொட்ரிக்ஸுக்குப் போனால் மாதிரிச் சீட்டைத் தனியாக அடியுங்கள். அங்கே இரண்டு இடம், இரண்டு வாக்கு.