நாற்பதைத் தாண்டி உறைகரு மாற்றம்: இங்கிலாந்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

ஊரில் ஐ.வி.எஃப். (உடலுக்கு வெளியே கருவை உருவாக்கும் சிகிச்சை) செய்து கருவை உறையவைத்துவிட்டு, விசா கிடைத்ததும் கிளம்பி வந்தவர்கள் அதைக் கருப்பையில் வைக்கும் உறைகரு மாற்றத்துக்கு முதலில் பார்க்க வேண்டியது பணக் கணக்கு. விசாவோடு சுகாதாரக் கட்டணம் கட்டியாயிற்று, இனி என்.எச்.எஸ். என்கிற அரசு மருத்துவச் சேவை பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடாதீர்கள். இங்கிலாந்தில் 2017 ஆகஸ்ட் முதல் அந்தக் கட்டணத்தில் ஐ.வி.எஃப். போன்ற சிகிச்சைகள் சேராது. நிரந்தர வதிவுரிமை கிடைத்த பிறகும் வயது குறுக்கே நிற்கும். என்.எச்.எஸ். சிகிச்சைகளுக்கு வழிகாட்டும் நைஸ் அமைப்பு 2013இல் வெளியிட்ட வழிகாட்டுதல் 40 முதல் 42 வயதுள்ளவர்களுக்கு ஒரே ஒரு ஐ.வி.எஃப். சுற்றைத்தான் பரிந்துரைத்தது, அதுவும் முன்பு ஐ.வி.எஃப். செய்யாதவர்களுக்கு. அதைக்கூட உள்ளூர் என்.எச்.எஸ். நிர்வாகங்கள் சுருக்கிவிடுகின்றன. ஆகவே பெரும்பாலோர் போய்ச் சேர்வது தனியார் கிளினிக்குக்குத்தான். அகதி அந்தஸ்து பெற்றவர்கள் கணக்கு வேறு, அவர்கள் ஜி.பி. என்கிற குடும்ப டாக்டரிடம் தனியாகக் கேட்க வேண்டும்.

இந்தியாவில் இருக்கும் கருவை இங்கே கொண்டுவர அந்நாட்டின் 2021ஆம் ஆண்டுக் கருத்தரிப்புச் சிகிச்சைச் சட்டப்படி அங்குள்ள தேசிய வாரியத்தின் அனுமதி வேண்டும். சொந்த உபயோகத்துக்கு மட்டுமே தருவார்கள். இங்குள்ள கிளினிக்கும் ஒரு கட்டுக் காகிதம் கேட்கும். லீவு போட்டு ஊருக்குப் போய்க் கருவை வைத்துக்கொண்டு வருவது பல நேரம் சுலபம். ஆனால் அங்கே பெண்ணுக்கு 50, ஆணுக்கு 55 வயது வரைதான் அனுமதி.

இனி ஹார்மோன். இந்த மருந்துகள் கருமுட்டையை இளமையாக்குவதில்லை, கருப்பையின் உட்சுவரைத்தான் தயார் செய்கின்றன. 36 வயதில் உறையவைத்த கருவை 43இல் வைத்தால், வாய்ப்பைப் பெரும்பாலும் முடிவு செய்வது அந்த 36தான். வயது கூடிவிட்டதே என்று உட்சுவருக்காக விற்கப்படும் கூடுதல் சோதனை, கூடுதல் ஊசி எதற்கும் உடனே தலையாட்ட வேண்டாம். எச்.எஃப்.இ.ஏ. என்கிற ஒழுங்குமுறை அமைப்பு இப்படிப்பட்ட கூடுதல் சிகிச்சைகளுக்குத் தர மதிப்பீடு வெளியிடுகிறது. பணம் கட்டுமுன் அதைப் பாருங்கள்.

உட்சுவரைத் தயார் செய்ய இரண்டு வழிகள் உண்டு: மாத்திரை வழி, உடலின் சொந்த மாதச் சுழற்சியோடு போகும் இயற்கை வழி. மாத்திரை வழியில் புரோகினோவா போன்ற ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் மாத்திரை, வழக்கமாக நாளுக்கு 6 மி.கி., ஏறக்குறைய இரண்டு வாரம். ஸ்கேனில் உட்சுவர் 7 மி.மீ. அளவுக்கு வந்ததும், கர்ப்பத்தைத் தாங்கும் ஹார்மோனான புரோஜெஸ்டிரோன் தொடங்கும். சைக்ளோஜெஸ்ட் என்கிற புரோஜெஸ்டிரோன் மருந்தை 400 மி.கி. காலையும் மாலையும் பிறப்புறுப்புக்குள் வைப்பது பரவலான முறை. ஐந்து நாள் வளர்ந்த கருவென்றால் ஐந்து முழு நாள் புரோஜெஸ்டிரோனுக்குப் பிறகு வைப்பார்கள். தேதியை முன்கூட்டியே குறித்துக்கொள்ளலாம் என்பதால் கிளினிக்குகளுக்கு இது வசதி. மாதவிடாய் தப்பித் தப்பி வருபவர்களுக்கும், நின்றுபோனவர்களுக்கும் இதுதான் வழி.

ஆனால் 42 வயதிலும் மாதம் தவறாமல் வருகிறதென்றால், இயற்கைச் சுழற்சியில் வைக்க முடியுமா என்று கட்டாயம் கேளுங்கள். கருமுட்டை வெளியேறிய இடத்தில் உருவாகும் கார்பஸ் லூட்டியம் புரோஜெஸ்டிரோனோடு ரத்தக்குழாய்களுக்கு உதவும் வேறு சில பொருட்களையும் சுரக்கிறது. முழு மாத்திரை வழியில் அது உருவாவதே இல்லை. அப்படித் தரித்த கர்ப்பங்களில் ரத்த அழுத்தக் கோளாறான ப்ரீ-எக்லாம்ப்சியா கூடுதலாக வருவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வயதும் அதே ஆபத்தைக் கூட்டுவதால், நாற்பதைத் தாண்டியவர்களுக்கு இந்தக் கேள்வி வீண் கேள்வியல்ல. ஸ்கேனுக்கு நாலு தரம் ஓட வேண்டியிருக்கும், வேலையிடத்தில் முகம் சுளிப்பார்கள், இருந்தாலும் கேளுங்கள்.

ரத்தம் உறைந்த வரலாறு, ஒற்றைத் தலைவலி, புகைப்பழக்கம், அதிக எடை இருந்தால் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். விழுங்கும் ஈஸ்ட்ரோஜனுக்குப் பதிலாகத் தோலில் ஒட்டும் பட்டை தர வாய்ப்புண்டு. சர்க்கரையும் தைராய்டும் முன்பே பார்த்துவிட வேண்டியவை. நம்மவர்களுக்குச் சர்க்கரை சொல்லாமல் வந்து உட்காரும். ஃபோலிக் அமிலம் பொதுவாக 400 மைக்ரோகிராம், சர்க்கரை நோய் இருந்தால் 5 மி.கி. ஊரிலிருந்து கொண்டுவந்த டுப்பாஸ்டனை (புரோஜெஸ்டிரோன் வகை மாத்திரை) இங்குள்ள டாக்டருக்குத் தெரியாமல் சேர்த்து விழுங்க வேண்டாம்.

கரு வைத்த பிறகு படியேறாதே, படுத்தே இரு என்று அம்மாவும் அத்தையும் வாட்ஸ்அப்பில் சொல்லத்தான் செய்வார்கள். படுத்திருப்பதால் பலன் கூடுவதில்லை. மருந்தை நேரத்துக்கு வைப்பதுதான் முக்கியம். சிறிது ரத்தம் பட்டதும் எல்லாம் போச்சு என்று மருந்தை நிறுத்திவிடாதீர்கள்: மாத்திரை வழியில் உடல் தானாகப் புரோஜெஸ்டிரோன் சுரக்காது, நிறுத்தினால் நல்ல கர்ப்பமும் கலையலாம். முதலில் கிளினிக்குக்கு போன். கர்ப்பம் உறுதியானாலும் 10, 12 வாரம் வரை மருந்து தொடரும். எப்போது நிறுத்துவது என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அதன்பின் பிரசவ கவனிப்பு என்.எச்.எஸ்.ஸில்தான், விசாவோடு கட்டிய சுகாதாரக் கட்டணம் அதற்குச் செல்லுபடியாகும். முதல் சந்திப்பில் மிட்வைஃபிடம் (பிரசவச் செவிலி) வயதையும், மாத்திரை வழியில் வைத்த உறைகரு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 40 வயதும் முதல் கர்ப்பமும் சேர்ந்தாலே 12 வாரத்திலிருந்து குறைந்த அளவு ஆஸ்பிரின் தரச் சொல்கிறது நைஸ். ஆங்கிலம் தடுமாறினால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள், இலவசம்; கணவரை நடுவில் நிறுத்தினால் சில விஷயங்கள் அவர் வாயில் வராது.