வேலை மாற நினைக்கும் இளைஞரோடு உட்காரும்போது

முதல் சந்திப்பில் "அடுத்து என்ன ஆகப் போறே?" என்று நான் கேட்பதில்லை. பாதிப் பேர் அதிலேயே வாயடைத்துப் போவார்கள். "போன வாரம் வேலையில் என்னென்ன செஞ்சே? ஒண்ணுவிடாம சொல்லு" என்பேன். கூரியர் டெலிவரியில் இருந்த ஒரு பெண், "பார்சல் கொடுத்தேன்க்கா, வேறென்ன" என்றாள். கிளறக் கிளற வந்தது: தெருவாரியாகப் பிரித்து வரிசை போட்டது, கோபப்பட்டவரைச் சமாளித்தது, மாலையில் கணக்கு முடித்தது, இன்னும் சில. ஒவ்வொன்றையும் தனிச் சீட்டில் எழுதி மேஜையில் பரப்பினேன். அவள் ஆசைப்பட்ட கிடங்கு மேற்பார்வையாளர் வேலை விளம்பரத்தைப் பக்கத்தில் வைத்து, பொருந்தும் சீட்டுகளை அவளையே நகர்த்தச் சொன்னேன். ஐந்து பொருந்தின. விளம்பரம் கேட்டதில் எக்செல் மட்டும் இடித்தது. கற்க வேண்டியது அதுதான் என்று அவளுக்கே தெரிந்துவிட்டது.

அமெரிக்க உளவியலாளர் ஜான் ஹாலண்ட் 1959-இல் முன்வைத்த தொழில் தேர்வுக் கோட்பாட்டின் 6 ஆர்வ வகைகளை ஒட்டிய கேள்வித்தாள்களும் உதவும், பேச்சைத் தொடங்க மட்டும். தீர்ப்பாக வாசித்துவிடாதீர்கள்.

இளைஞர் ஆசைப்படும் வேலையில் ஏற்கெனவே இருப்பவரோடு அவரை 20 நிமிடமாவது பேச வையுங்கள். முடிந்தால் ஒருநாள் கூடவே இருந்து பார்க்கட்டும். கையிருப்பு எத்தனை மாதம் தாங்கும் என்றும் சேர்ந்து எழுதிப் பாருங்கள். ராஜினாமா கடிதம் அதற்கப்புறம்.