ஸ்கிரீன் ரீடர் வந்தாயிற்று, வேலை ஏன் ஓடவில்லை?

பார்வையற்ற ஊழியர் சேரப்போகிறார் என்றதும் கோலாலம்பூர் அலுவலகங்களில் முதலில் நடப்பது ஸ்கிரீன் ரீடர், அதாவது திரையில் உள்ளதைக் குரலில் படித்துக்காட்டும் மென்பொருள், வாங்குவது. அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஜாஸ் என்ற ஸ்கிரீன் ரீடரின் உரிமத்துக்குப் பணம் கட்டிவிடுவார்கள். அவரோ என்விடிஏ என்ற இன்னொரு ஸ்கிரீன் ரீடரில் பழகிய கையாக இருப்பார். அது இலவசம், ஐடி பிரிவின் அனுமதி போதும். அந்த அனுமதியை அவர் வருவதற்கு முன்பே வாங்கி வைக்க வேண்டும்.

உண்மையான தொல்லை கோப்புகளில்தான். சுற்றறிக்கையை அச்சிட்டு, முத்திரை குத்தி, ஸ்கேன் செய்து பிடிஎஃப்பாக அனுப்புகிறோம். வாட்ஸ்அப்பில் படமாகப் போடுவது இன்னும் மோசம். அது எழுத்து அல்ல, படம். ஸ்கிரீன் ரீடர் வாயடைத்துப் போகும். இன்செர்ட்டும் ஆர் விசையும் சேர்த்து அழுத்தினால் படத்திலுள்ள எழுத்தை என்விடிஏ அடையாளம் காணும். ஆனால் அட்டவணை என்றால் வரிசை குழம்பி, யாருடைய தொகை எது என்றே தெரியாது. வேர்டிலிருந்து நேராகப் பிடிஎஃப்பாகச் சேமியுங்கள். தலைப்பைத் தடித்த எழுத்தாக்கினால் போதாது; ‘ஹெடிங்’ பாணி கொடுத்தால்தான் எச் விசையால் தலைப்புக்குத் தலைப்பு தாவலாம். எக்செலில் கட்டங்களை இணைக்காதீர்கள்.

தமிழ் அறிவிப்புகளில் தனிச் சிக்கல் உண்டு. எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யுனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் தட்டியது கண்ணுக்குத் தமிழ். கணினிக்கோ பொருளற்ற ஆங்கில எழுத்துகள். யுனிகோடுக்கு மாற்றிய பிறகே அனுப்புங்கள். மலாய்க் கடிதத்தை ஆங்கிலக் குரலில் படிக்கவிட்டால் ‘சூத்தி’ (cuti, விடுமுறை) கூட அடையாளம் தெரியாமல் போகும். மலாய்க் குரலையும் சேர்த்து வையுங்கள்.

விடுமுறை விண்ணப்பம், செலவுக் கோரிக்கை போன்ற அமைப்புகளை வாங்கும் முன் மவுஸைத் தள்ளி வைத்து, டேப் விசையால் மட்டும் ஒரு விண்ணப்பத்தை முடித்துப் பாருங்கள். பெயரிடாத பொத்தான்கள் எல்லாம் ‘பட்டன், பட்டன்’ என்றே ஒலிக்கும். எது ‘அனுப்பு’, எது ‘நீக்கு’ என்று யாருக்குத் தெரியும்? ஒப்பந்தத்தில், மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி இணையப் பக்கங்களை அமைப்பதற்கான வழிகாட்டியான டபிள்யுசிஏஜி 2.1, ஏஏ நிலை என்று எழுதி வாங்குங்கள். அதன்படி சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 வேறுபாடு வேண்டும். வெளிர்சாம்பல் எழுத்து அழகுதான், மங்கலாகப் பார்ப்பவருக்கு அல்ல.

காது கேளாதவர் இருக்கும் கூட்டத்தில் தானியங்கி வசன வரிகளை மட்டும் நம்ப வேண்டாம். ஒரே வாக்கியத்தில் மலாய், ஆங்கிலம், தமிழ் கலக்கும் நம் பேச்சில் அது தடுமாறும். மலேசிய சைகை மொழி பெயர்ப்பாளரை முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள்.

சக்கர நாற்காலிக்கான சாய்தளத்தின் சரிவு 1:12. அதாவது 15 செ.மீ. படிக்கு 1.8 மீட்டர் நீளம். அதன் வாயிலில் மோட்டார் சைக்கிள் நிற்கக்கூடாது, நிற்கும்.

கடைசியாக, அமைப்பைப் புதுப்பித்த மறுநாள்தான் பொத்தான்கள் பெயரிழக்கும். பழைய பதிப்பை நிறுத்தும் முன், அந்த ஊழியரே அரை மணி நேரம் புதியதில் வேலை செய்து பார்க்கட்டும்.