கிளினிக் கொப்பியைப் பார்க்காமல் குளிசை கொடுக்காதீர்கள்

பாமசியில் புதிதாக நிற்கத் தொடங்கும் பிள்ளைகள் ஒவ்வொரு வருடமும் அதே தவறுகளைத்தான் செய்கிறார்கள். நாங்கள் தொடங்கிய காலத்திலும் இவைதான் நடந்தன. சாப்பாட்டுக்கு முன், பின் என்பதை மாற்றி எழுதுவது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன், அவை தானாகத் திருந்தும். மருந்தும் உணவும் என்று தேடினால் முதலில் வரும் கிரேப்புரூட் பழத்தையும் விடுகிறேன். சில கொலஸ்ட்ரோல், பிரஷர் குளிசைகளோடு அது சேரக்கூடாது என்பது உண்மை. ஆனால் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் எங்கள் சனம் வாங்குவது முருங்கையிலையும் சூரை மீனும் இளநீரும். அவற்றைப் பற்றிப் பேசுவோம்.

நோக்குளிசைதானே என்று எடுத்துக் கொடுப்பது

எனக்கு இன்றைக்கும் பொறுமை போவது இதில்தான்.

நல்லூர்த் திருவிழாக் காலம். வெயில், விரதம், மணிக்கணக்காக நிற்பது. எழுபதைத் தாண்டிய ஒரு ஐயா முழங்கால் நோவென்று ஒரு கடைக்குப் போயிருக்கிறார். அங்கே நின்ற பிள்ளை கேட்க வேண்டியதைக் கேட்டும் இருக்கிறது.

"ஐயா, வேற வருத்தம் ஏதும் இருக்கோ?"

"ஒண்டும் இல்லைத் தம்பி. பிரஷருக்குக் கிளினிக் குளிசை போடுறன், அது கட்டுப்பாட்டில இருக்கு."

பதில் அதிலேயே இருந்தது. ஆனாலும் டைக்ளோபெனாக் ஒரு அட்டை கைமாறியது. ஐயா கிளினிக்கில் எடுத்தது லொசாட்டனும், சலம் போக்கும் ஹைட்ரோகுளோரோதயசைட்டும். கொஞ்ச நாளில் கால் வீங்கி, சலம் குறைந்து, சத்தியோடு வார்ட்டில் படுத்தார். சிறுநீரகம் பழுதாவதைக் காட்டும் கிரியேட்டினின் இரத்தத்தில் ஏறிப் போயிருந்தது. உயிர் தப்பினார், சிறுநீரகம் பழைய நிலைக்கு முழுதாகத் திரும்பவில்லை.

ஏன் இப்படி ஆகிறது? சிறுநீரகத்தின் வடிகட்டிக்கு இரத்தம் கொண்டுவரும் நுண்குழாயை விரித்து வைத்திருப்பது உடம்பே உண்டாக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள். டைக்ளோபெனாக் அது உருவாவதைத் தடுப்பதால் அந்தக் குழாய் சுருங்கும். லொசாட்டன், எனலாபிரில் போன்றவை இரத்தம் வெளியேறும் குழாயைத் தளர்த்தும். சலம் போக்கும் குளிசையோ உடம்பில் இருக்கும் நீரையே குறைக்கும். வரத்துக் குறைந்து வெளியேற்றம் கூடினால், வடிகட்டுவதற்கான அழுத்தம் விழுந்துவிடும். இதோடு விரதமோ வயிற்றோட்டமோ சேர்ந்தால் சொல்லவே வேண்டாம்.

இபுபுரோபன், நப்ரொக்சன், மெபனமிக் அசிட் எல்லாம் இந்த விஷயத்தில் ஒரே குடும்பம். வயிற்றுக்குப் பாதுகாப்பென்று எற்றொரிகொக்சிப் கொடுப்பவர்களைப் பார்க்கிறேன். சிறுநீரகத்துக்கு அதுவும் பாதுகாப்பில்லை. கூடவே ஒமெப்பிரசோல் கொடுத்தால் அது வயிற்றைக் காக்கும், சிறுநீரகத்தைக் காக்காது.

ஆகவே, "வேற மருந்து எடுக்கிறியளோ?" என்று மட்டும் கேட்டு நிறுத்தாதீர்கள். கிளினிக் குளிசை பலருக்கு அந்தக் கேள்விக்குள் வருவதே இல்லை. "கிளினிக் கொப்பியை ஒருக்கால் காட்டுங்கோ ஐயா" என்று கேளுங்கள். கொப்பி இல்லையா, குளிசை உறையைக் கேளுங்கள். அதுவும் இல்லையென்றால் வீட்டுக்குப் போன் எடுத்து மகளையோ மருமகளையோ வாசிக்கச் சொல்லுங்கள். பின்னால் ஆட்கள் வரிசையில் நின்றால் நிற்கட்டும்.

அப்படிப்பட்டவருக்கு முதலில் பரசிட்டமோல். 500 மில்லிகிராம் குளிசை ஒரு நாளில் 8க்கு மேல் வேண்டாம். மெலிந்தவர், ஈரல் நோயுள்ளவர் என்றால் அதிலும் குறைவு. நோ அடங்காவிட்டால் டொக்டரிடம் அனுப்புங்கள். இதைக் கேட்டுவிட்டு, மாரடைப்புக்குப் பிறகு டொக்டர் எழுதிய 75 மில்லிகிராம் அஸ்பிரினை யாரும் நிறுத்திவிட வேண்டாம். அது வேறு கணக்கு.

வார்பரின் எடுப்பவரிடம் "கீரையே தொடாதீர்கள்" என்பது

இதயத்தில் செயற்கை வால்வு பொருத்தியவர்கள் இரத்தம் கட்டாமல் இருக்க எடுப்பது வார்பரின். கீரையிலுள்ள விற்றமின் கே அதன் வேலையைக் குறைக்கும் என்பது சரி. ஆனால் அவருடைய அளவை ஐ.என்.ஆர். (இரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) பார்த்துத் தீர்மானித்ததே, அவர் வழக்கமாகச் சாப்பிடும் சாப்பாட்டோடுதான். திடீரென்று நிறுத்தினால் ஐ.என்.ஆர். ஏறி இரத்தம் கசியலாம். மறுபடி அள்ளிச் சாப்பிட்டால் இறங்கி வால்வில் இரத்தம் கட்டலாம். வாரத்தில் இரண்டு நாள் முருங்கையிலை வறை சாப்பிடுபவர் அப்படியே சாப்பிடட்டும். கந்தசஷ்டி போன்ற விரத நாட்களில் சாப்பாடு மாறும் என்றால் முன்கூட்டியே கிளினிக்கில் சொல்லட்டும்.

கீரையை விடப் பெரிய ஆபத்து மெட்ரோனிடசோல் என்ற அன்டிபயோட்டிக். பல் வீக்கத்துக்கென்று எழுதி வரும், வார்பரினின் வேகத்தை நன்றாகக் கூட்டிவிடும். வாய்ப்புண்ணுக்குப் பூசும் மைக்கொனசோல் ஜெல்லும் அப்படித்தான். கீரையைப் பற்றி நீளமாக அறிவுரை சொல்லிவிட்டு, அதே கையால் மெட்ரோனிடசோலைக் கொடுப்பதைப் பார்த்தால் மனம் பதறுகிறது. கொடுக்க முன் எழுதிய டொக்டரோடு கதையுங்கள்.

அயன் குளிசையோடு தேத்தண்ணி

வேண்டாம். ஒரு மணித்தியாலமாவது இடைவெளி விடுங்கள்.

சிப்ரோபுளொக்சசினைப் பாலோடு விழுங்குவது

இந்த அன்டிபயோட்டிக்குக்குத் தண்ணீர் மட்டும்.

தைரொக்சினையும் கல்சியத்தையும் ஒன்றாகப் போடுவது

தைரொயிட் குளிசையான தைரொக்சின் விடிய வெறும் வயிற்றில். கல்சியமும் அயனும் 4 மணித்தியாலம் தள்ளி.

இளநீர் யாருக்கும் நல்லது என்பது

சிறுநீரகம் பழுதானவர் லொசாட்டனோ ஸ்பைரோனொலக்டோனோ எடுத்தால், நாளுக்கு நாள் இளநீர் குடிப்பது பொட்டாசியத்தை ஏற்றும். கூடிய பொட்டாசியம் இதயத் துடிப்பைக் குழப்பும்.

காசநோய்க் குளிசை கொடுக்கும்போது மீனைப் பற்றிச் சொல்லாமல் விடுவது

இதை எங்கள் நாட்டு மார்பு நோய் வைத்தியர் சி.ஜி. உறகொட 1970களிலேயே எழுதி வைத்தார். காசநோய்க் குளிசைகளில் ஒன்றான ஐசோனியசிட் எடுப்பவர் சூரை மீன் சாப்பிட்டால் சிலருக்கு முகம் சிவந்து, தலையிடித்து, நெஞ்சு படபடத்துச் சத்தி வரும். பழுதாகத் தொடங்கிய சூரையில், ஒவ்வாமை போன்ற குணங்களைத் தரும் ஹிஸ்டமின் கூடும், அதை உடைக்கும் நொதியமோ ஐசோனியசிட்டால் தடைப்படும். நோயாளி பயந்துபோய்க் குளிசைதான் ஒத்துவரவில்லை என்று நிறுத்திவிடுவார். காசநோய்க்கு மருந்தை இடையில் விடுவது மீனை விடப் பெரிய கேடு. குளிசை முடியும் வரை சூரையைத் தவிர்க்கச் சொல்லுங்கள். இப்படி ஏதும் வந்தால் குளிசையைத் தானாக நிறுத்தாமல் உடனே மார்பு நோய்க் கிளினிக்குக்கு வரவேண்டும் என்பதையும் உறையிலேயே எழுதிக் கொடுங்கள்.