ஹம் பக்கம் புதுசா வாறாக்களுக்கு: பழைய கிரைஸ் கதை தெரிஞ்சா கந்தோர் அலுவல் லேசு

ஜெர்மனியில ஹம் நகரத்திலயோ அதைச் சுத்தின ஊருகளிலயோ வீடு எடுத்து வாறாக்கள் முதல்ல கேக்கிறது கோயில் எவ்வளவு தூரம், தமிழ்க்கடை எங்க, பிள்ளையளுக்குத் தமிழ்ப் பள்ளிக்கூடம் இருக்கோ எண்டுதான். அதெல்லாம் ரெண்டு நாளில தெரிஞ்சிடும். அலைக்கழிக்கிறது வேற ஒண்டு, எந்த அலுவலுக்கு எந்தக் கந்தோர் எண்டது. ஹேசனும் ஆலனும் பக்கத்துப் பக்கத்து ஊர், ஆனா ஹேசனில இருக்கிறவர் கார் பதிய ஹம் நகரசபையிட்டப் போகோணும், ஆலனில இருக்கிறவர் வாரன்டோர்ஃப் கிரைஸிட்டப் போகோணும். கொஞ்சம் மேற்கால போனா வேர்ண, அது உன்னா கிரைஸ். இது என்ன கோதாரி எண்டு கேட்டா இஞ்சத்தைய ஆக்களே சிரிச்சுப்போட்டு "அது பழைய கிரைஸ் கதை" எண்டுவினம். அந்தக் கதையைத்தான் இதில எழுதுறன், வாசிச்சு வையுங்கோ, உதவும்.

முதல்ல கிரைஸ் எண்டா என்ன எண்டு சுருக்கமா. ஊருக்கு மேல, மாநிலத்துக்குக் கீழ இருக்கிற நிர்வாகப் பிரிவு அது. எங்கட ஊர்க் கணக்கில மாவட்டம் எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ, ஆனா இஞ்ச அதுக்கெண்டு சனம் வோட்டுப் போட்டுத் தெரிவு செய்யிற சபை ஒண்டும் இருக்கு, தலைவரா லாண்ட்ராட் எண்டு ஒருத்தர் இருப்பார். கார் பதியிறது, லைசன்ஸ், சுகாதாரக் கந்தோர், கடை ரெஸ்டோரண்ட் வைச்சிருக்கிறாக்களை வந்து செக் பண்ணுற உணவுப் பரிசோதனை, சின்ன ஊருகளுக்கு விசாக் கந்தோர், இதெல்லாம் கிரைஸின்ர வேலை. பெரிய நகரங்கள் எந்தக் கிரைஸுக்கும் கீழ வராது, எல்லாத்தையும் தானே செய்யும், அதைத்தான் கிரைஸ்ஃப்ரை எண்டுறது. ஹம் அப்பிடி ஒரு நகரம்.

ஆனா ஒரு காலத்தில ஹம் பேரிலயே ஒரு கிரைஸ் இருந்தது. நெப்போலியன் தோத்து 1815-இல வெஸ்ட்ஃபாலன் எண்ட இந்தப் பகுதி பிரஷ்யாவின்ர கைக்கு வந்தோண்ண, அவையள் பழைய பிரபுக்கள், ஆயர்கள் ஆண்ட துண்டு துண்டான நிலத்தை எல்லாம் வெட்டிச் சேர்த்துப் புதுப் பிரிவுகள் போட்டினம். 1817-இல ஹம் கிரைஸ் உருவாச்சு. ஹம், உன்னா, காமன், ஃப்ரோண்டன்பெர்க், சுத்தியுள்ள கிராமங்கள் எல்லாம் அதுக்குள்ள. இது பெரும்பாலும் பழைய மார்க் பிரபுக்களின்ர நாடு, ஹம் நகரத்தையே 1226-இல கட்டினது அந்தப் பரம்பரையில வந்த அடோல்ஃப் எண்ட பிரபுதான். லிப்பே ஆத்துக்கு வடக்கால இருக்கிற பெக்கும், ஆலன், ஹேசன், வேர்ண எல்லாம் முன்ஸ்டர் ஆயரின்ர ஆட்சியில இருந்த இடம், அதுகளுக்கு பெக்கும் கிரைஸ், லூடிங்ஹௌசன் கிரைஸ் எண்டு வேற ரெண்டு போட்டினம், மேல்நிர்வாகமும் வேற, தெற்கால உள்ளது ஆர்ன்ஸ்பெர்க்குக்குக் கீழ, வடக்கால உள்ளது முன்ஸ்டருக்குக் கீழ. சமயமும் அப்பிடித்தான் பிரிஞ்சு கிடந்தது, வடக்கால அநேகமா கத்தோலிக்கர், தெற்கால புரட்டஸ்தாந்துக்காரர் கூட. இண்டைக்கும் இப்ப ஹம் நகரத்துக்குள்ள இருக்கிற ஹேசன், பொக்கும்-ஹோஃபல் பங்குகள் முன்ஸ்டர் மறைமாவட்டம், ஆத்துக்குத் தெற்கால உள்ள பங்குகள் பாடர்போர்ன். கத்தோலிக்க ஆக்கள் பிள்ளையின்ர முதல் நன்மைக்கோ கலியாணப் பேப்பருக்கோ அலையேக்க இதைக் கவனத்தில வைச்சிருங்கோ, ஒரே நகரம்தானே எண்டு போனா மற்றப் பக்கம் போகச் சொல்லுவினம்.

பிரஷ்யா காலத்து லாண்ட்ராட் இப்ப மாதிரி சனம் தெரிவு செய்யிற ஆள் இல்லை, அரசர் நியமிக்கிற ஆள், வரி, பொலிஸ், படைக்கு ஆள் எடுக்கிறது எல்லாம் அவரின்ர கையில. இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு பிரிட்டிஷ்காரர் இந்தப் பக்கம் வந்து, ஒராளின்ர கையில இவ்வளவு அதிகாரம் கூடாதெண்டு, அரசியல் தலைவர் ஒருத்தர், நிர்வாகத்துக்கு வேற ஒருத்தர் எண்டு ரெண்டாப் பிரிச்சுவிட்டவை. அது கனகாலம் இருந்துது, 1999-இல இருந்துதான் இந்த மாநிலத்தில லாண்ட்ராட்டைச் சனமே நேரடியா வோட்டுப் போட்டுத் தெரிவு செய்யுது. ஐரோப்பிய ஒன்றியப் பாஸ்போட் இருக்கிறாக்கள், உதாரணத்துக்கு இத்தாலி, பிரான்ஸில இருந்து வந்து இஞ்ச இருக்கிற எங்கட ஆக்கள், உள்ளூர்த் தேர்தலில வோட்டுப் போடலாம், கடிதம் வந்தா எறியாதேங்கோ.

சரி, கதைக்கு வருவம். ஹம் கிரைஸ் எப்பிடி இல்லாமப் போச்சு எண்டா அது ஒரேயடியாச் சாகேல்லை, மெல்ல மெல்லப் பேர் மாறிப் போனது. ரயில் வந்து, கம்பித் தொழிற்சாலையள் வந்து ஹம் நகரம் பெருத்துது, வெஸ்ட்ஃபாலனில 30,000 சனத்துக்கு மேல போன நகரம் கிரைஸை விட்டுத் தனியாப் போகலாம் எண்டொரு சட்டம் இருந்துது, 1901-இல ஹம் தனியாப் போட்டுது. இதில பகிடி என்னெண்டா நகரம் வெளிய போட்டுது, ஆனா கிரைஸின்ர பேர் ஹம், கந்தோரும் ஹம்முக்குள்ளதான், அதாவது தன்ர எல்லைக்கு வெளியில இருக்கிற ஊரில குந்தியிருந்து கிரைஸை நடத்தினவை. கிட்டத்தட்ட 30 வருசம் இப்பிடி ஓடி, 1930-இலதான் கந்தோரை உன்னாவுக்கு மாத்தி, பேரையும் உன்னா கிரைஸ் எண்டு மாத்தினது. அதாலதான் இப்ப ஆராவது வம்ச வரலாறு தேடிப் பழைய பேப்பர் பாத்தா காமனில பிறந்த ஆளுக்கு "ஹம் கிரைஸ்" எண்டு இருக்கும், குழம்பத் தேவையில்லை.

இதுக்கிடையில நிலக்கரி. விவசாய ஊருகளா இருந்த இடமெல்லாம் சுரங்க ஊரா மாறினது 1900-க்குப் பிறகுதான். ஹோஃபலில ராட்போட் சுரங்கம், ஹேசனில சாக்சன் சுரங்கம், பெல்கும், ஹெரிங்கன் பக்கம் ஹைன்றிஹ் ரோபர்ட். 1908 நவம்பர் 12 விடியக்காலமை ராட்போட்டில வெடிச்சு 350 பேர் அளவில செத்துப்போச்சினம், ஜெர்மன் சுரங்க வரலாற்றில மிகப் பெரிய அழிவுகளில ஒண்டு அது. ஹோஃபல் அப்ப லூடிங்ஹௌசன் கிரைஸ், அது முழுக்க வயலும் பண்ணையுமா இருந்த கிரைஸ், அதின்ர ஒரு மூலையில இப்பிடி ஒரு சுரங்க ஊர். அங்கத்தைய சனத்துக்கு வேலை, கடை, ரயில் எல்லாம் ஹம்மில, பதிவுக்கு மட்டும் தூரத்தில லூடிங்ஹௌசன். ஹேசனும் அதே கதைதான், சீவியம் ஹம்மோட, பேப்பர் பெக்கும் கிரைஸில. ரெண்டு ஊரும் ஹம்மோட ஒட்டி வளர்ந்தாப் பிறகு இந்தப் பழைய எல்லைக்கு என்ன அர்த்தம் எண்டு மேலிடம் யோசிச்சதில பிழையில்லை எண்டுதான் நான் நினைக்கிறன்.

அந்த யோசனைதான் 1967 தொடங்கி 1975 மட்டும் மாநிலம் முழுக்க நடந்த பெரிய மாத்தம். நோர்ட்ரைன்-வெஸ்ட்ஃபாலனில 57 கிரைஸ் இருந்தது 31 ஆச்சு, தனி நகரங்கள் 38 இருந்தது 23 ஆச்சு, 2,300-க்கு மேல இருந்த ஊர்ச்சபையள் 396-க்கு வந்துது. 1975 ஜனவரி 1 எண்ட திகதியை இஞ்சத்தைய வயசானாக்கள் எல்லாருக்கும் தெரியும். அண்டைக்கு பெக்கும் கிரைஸ் இல்லாமப் போய் பெரும்பகுதி வாரன்டோர்ஃபோட சேந்துது. லூடிங்ஹௌசன் கிரைஸைப் பிச்சுப் பிரிச்சினம், கனக்க கோஸ்ஃபெல்டுக்கு, வேர்ண, செல்ம் உன்னாவுக்கு, பொக்கும்-ஹோஃபல் ஹம்முக்கு. பெக்கும் பக்கத்தில இருந்து ஹேசன், உன்னா பக்கத்தில இருந்து பெல்கும், ரீனர்ன், ஊன்ட்ரொப் எல்லாம் ஹம்முக்குள்ள வந்துது. ஒரே இரவில ஹம்மின்ர சனத்தொகை இரட்டிப்புக்கு மேல. ஹேசன்காரர் எத்தினை பேர் இண்டைக்கும் "நான் ஹம் இல்லை, ஹேசன்" எண்டு சொல்லுறதைக் கேப்பீங்கள், சிரிக்காதேங்கோ, எங்கட ஆக்கள் உரும்பிராய் வேற, கோண்டாவில் வேற எண்டு சண்டை பிடிக்கிறேல்லையோ.

இப்ப எங்களுக்கு முக்கியமான இடம் ஊன்ட்ரொப். காமாட்சி அம்பாள் கோயில் நிக்கிற பக்கம். 2002-இல கும்பாபிஷேகம் நடந்த இந்தக் கோயில் ஹம் நகரத்துக் கோயில் எண்டு சொல்லுறம், ஆனா 1975-க்கு முன்னம் அந்த நிலம் உன்னா கிரைஸில ஒரு கிராமம், அதுக்கு முன்னம் ஹம் கிரைஸ். தேர்த்திருவிழாவுக்குத் தீர்த்தம் ஆடப் போற கால்வாய் இருக்கெல்லோ, அது 1914-இல ஹம் மட்டும் வந்து பிறகு 1933-இல ஊன்ட்ரொப் பக்கம் வரை நீட்டினது, கரிக்கப்பல் வாறதுக்கு. பக்கத்தில பவர் பிளாண்ட், தொழிற்பேட்டை. அங்க ஒரு அணு உலையும் இருந்தது, 1989-இல மூடி, பெரிய கூலிங் டவரை 1991-இல வெடி வைச்சு விழுத்தினவை. முதல் முறை வாற ஆக்கள் கோயில் கோபுரத்தைத் தேடிக்கொண்டு வந்து தொழிற்சாலையளுக்க நிண்டு "வழி பிழைச்சிட்டுதோ" எண்டு போன் எடுக்கிறது வழமை. பிழைக்கேல்லை, அப்பிடியே வாங்கோ.

இனி அலுவல் பக்கம். வீட்டுக்கு வந்து ரெண்டு கிழமைக்குள்ள பதியோணும், அது கிரைஸ் இல்லை, உங்கட ஊர் அல்லது நகரசபைக் கந்தோர், வீட்டுக்காரர் கையெழுத்து வைச்ச கடிதம் கட்டாயம் கொண்டு போங்கோ. கந்தோருக்கு டெர்மின் (சந்திக்கிற நேரம்) எடுக்க முன்னம் உங்கட தபால் இலக்கத்தைப் பாத்துப்போட்டு கிரைஸ் எது எண்டு முடிவு எடுக்காதேங்கோ, போஸ்ட் வேற, கிரைஸ் வேற. விசா இருக்கிறாக்கள் ஆலனில இருந்து ஹம்முக்கோ ஹம்மில இருந்து காமனுக்கோ வீடு மாறினா ஃபைல் ஒரு கந்தோரில இருந்து மற்றதுக்குப் போகோணும், அது இழுபடும், விசா முடியப் போற நேரத்தில வீடு மாறுறதெண்டா ரெண்டு பக்கத்துக்கும் முன்கூட்டியே எழுதிப்போட்டு, எழுதின கடிதத்தின்ர கொப்பியை வைச்சிருங்கோ. சொந்தக்காரப் பெடியன் ஒருத்தனுக்கு இப்பிடி இடையில மாட்டுப்பட்டு வேலை குடுத்த முதலாளி விடாம ஃபோன் எடுத்து எடுத்துப் பேப்பர் கேட்ட கதை எங்கட வீட்டில இன்னும் பேசுப்படும்.

காரை எடுத்தா இன்னொரு சுவாரசியம். பழைய கிரைஸ் இல்லாமப் போனோண்ண கார் நம்பர் பிளேட்டில அந்தக் கிரைஸைக் குறிக்கிற எழுத்தும் இல்லாமப் போட்டுது, ஆனா 2012-இல மத்திய அரசு சட்டத்தை மாத்தி, பழைய எழுத்தைத் திரும்பவும் எடுக்கலாம் எண்டுவிட்டுது. வாட்டன்ஷைட் எண்ட ஊர் 1975-இல பொஹும் (Bochum) நகரத்தோட சேந்தது, அவையள் ஆசையோட பழைய எழுத்தை எடுத்தவை. இந்தப் பக்கமும் லூடிங்ஹௌசன் எழுத்து எல் எச் உன்னா, கோஸ்ஃபெல்ட் கிரைஸ்களில திரும்ப வந்துது, பெக்குமின்ர பி இ எழுத்து வாரன்டோர்ஃப் கிரைஸில. வேர்ணவில எல் எச் எண்டு ஓடுற காரைப் பாத்து தூரத்து ஆள் எண்டு நினைக்காதேங்கோ, பக்கத்து வீட்டுக்காரரா இருப்பார். கெவலாருக்கு யாத்திரை போறாக்கள் அங்கயும் இதே விசயத்தைக் காணலாம், அது பழைய கெல்டர்ன் கிரைஸ், இப்ப கிளேவ கிரைஸ், ஜி இ எல் எழுத்தும் திரும்பிட்டுது. நீங்கள் வீடு மாறினா 2015-இல இருந்து பழைய நம்பரையே வைச்சிருக்கலாம், ஆனா புது இடத்துக் கந்தோரில விலாசத்தை மாத்தித்தான் ஆகோணும், அதை மறந்துபோட்டுத் திரியாதேங்கோ.

வீடு வாங்கிற அளவுக்கு வந்தாப் பிறகுதான் பழைய ஊர்ப் பேர் உண்மையா முகத்தில அடிக்கும். நோட்டார் (பத்திரம் எழுதிற சட்ட அலுவலர்) வாசிக்கிற பத்திரத்தில காணி எந்தப் பழைய ஊர் எல்லைக்குள்ள எண்டு இருக்கும், ஹம்மில வாங்கினவருக்கு "ஷ்மேஹௌசன்" எண்டோ "ஹேசன்" எண்டோ வரும். பிழையா எழுதிப் போட்டாங்கள் எண்டு பயப்பட வேண்டாம், காணிப் பதிவில பழைய எல்லை அப்பிடியே இருக்கும், நீதிமன்றக் காணிப் புத்தகம் ஹம்மில, கேக்க வேண்டியதை நோட்டாரிட்ட அங்கேயே கேட்டுப்போட்டு கையெழுத்து வையுங்கோ.

பிள்ளையள் ஃபுட்போல் விளையாடப் போனா லீக் அட்டவணையில "பெக்கும் கிரைஸ்" எண்டு பாப்பீங்கள், கிரைஸ் இல்லாமப் போய் 50 வருசமாச்சு, ஃபுட்போல் சங்கத்துக்கு அது இன்னும் உயிரோட இருக்கு. ஆலன் பக்கப் பெடியளுக்கு சனிக்கிழமை மாட்ச் ஓல்டவிலயோ வாடர்ஸ்லோவிலயோ விழும், ஹம்மில சேர்த்தா உன்னா பக்கம் ஓடுவீங்கள். கிளப்பில சேர்க்க முன்னம் எந்தக் கிரைஸ் லீக் எண்டு ஒருக்கா கேளுங்கோ, சனிக்கிழமை கடை திறக்கிறாக்களுக்கு அந்த ஓட்டம் சரியான சில்லெடுப்பு.