முதுநிலைப் படிப்புக்குப் பணம்: இடம் கிடைப்பதற்கு முன்பே தொடங்க வேண்டிய தேடல்

முதலில் இடம் கிடைக்கட்டும், கட்டணத்துக்குப் பிறகு வழி பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் நம் வீடுகளில் பரவலாக இருக்கிறது. இளநிலைப் படிப்பில் அது ஓரளவு எடுபடும். தொழிற்கல்விக்கான முதல் பட்டதாரி சலுகை, மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் போன்ற திட்டங்கள் சேர்க்கையை ஒட்டியே வந்துவிடுகின்றன. முதுநிலைக்கு இவை தொடர்வதில்லை. அங்கே எந்த நுழைவுத்தேர்வை எழுதினோம், எந்தக் கல்லூரியில் எந்த ஒதுக்கீட்டில் சேர்ந்தோம் என்பவைதான் பணத்தின் பெரும்பகுதியை முடிவு செய்கின்றன. ஆகவே இளநிலையின் கடைசி ஆண்டு தொடங்கும்போதே தேடலையும் தொடங்கிவிட வேண்டும்.

பொறியியல் மாணவர்களுக்கு இது மிகத் தெளிவாகத் தெரியும். தமிழ்நாட்டில் எம்.இ., எம்.டெக். சேர்க்கைக்கு 2023 முதல் சீட்டா என்ற மாநில நுழைவுத்தேர்வு நடைபெறுகிறது. தேசிய அளவிலான கேட் தேர்வின் மதிப்பெண்ணைக் கொண்டும் சேரலாம். இரண்டு வழியில் வந்தவர்களும் ஒரே வகுப்பில் உட்கார்ந்து ஒரே பாடத்தைப் படிப்பார்கள். ஆனால் கேட் வழியாக, ஏஐசிடிஇ எனப்படும் அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழுமத்தின் அனுமதி பெற்ற இடத்தில் முழுநேர மாணவராகச் சேர்ந்தவருக்கு மாதம் ரூ.12,400 வீதம் அதிகபட்சம் 24 மாதங்களுக்கு உதவித்தொகை கிடைக்கும். முழுமையாகப் பெற்றால் ரூ.2,97,600. சீட்டா மதிப்பெண்ணுக்கு இந்தத் தொகை கிடையாது. கேட் தேர்வு வழக்கமாக பிப்ரவரியில் நடக்கிறது, அதற்கான பதிவு முந்தைய ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களை ஒட்டி முடிந்துவிடுகிறது. வளாக நேர்காணல் பரபரப்பில் அந்தப் பதிவைத் தவறவிடுபவர்கள் ஏராளம். அந்த ஆண்டு சேரும் எண்ணம் இல்லாவிட்டாலும் எழுதி வைக்கலாம், ஏனெனில் மதிப்பெண் மூன்று ஆண்டுகள் செல்லும்.

இந்த உதவித்தொகை தானாக வந்து சேர்வதில்லை. கல்லூரி தன் கணக்கின் வழியே மாணவருக்கு ஓர் அடையாள எண்ணை உருவாக்க வேண்டும். மாணவர் விவரங்களை நிரப்பி கேட் மதிப்பெண் அட்டை, சாதிச் சான்று முதலியவற்றைப் பதிவேற்ற வேண்டும். கல்லூரி அதைச் சரிபார்த்து ஒப்புதல் தர வேண்டும். இவை அனைத்தும் அறிவிக்கப்பட்ட கடைசி நாளுக்குள் முடிய வேண்டும். அதன் பிறகும் மாதந்தோறும் மாணவரின் தகுதியைக் கல்லூரி உறுதிசெய்தால்தான் பணம் விடுவிக்கப்படும். வங்கிக் கணக்கு ஆதாருடன் இணைக்கப்பட்டதாகவும் மாணவர் பெயரில் மட்டும் உள்ள சாதாரணச் சேமிப்புக் கணக்காகவும் இருக்க வேண்டும். பெற்றோருடன் சேர்ந்த கூட்டுக் கணக்கும் பரிவர்த்தனை வரம்புள்ள ஜன்தன் கணக்கும் சிக்கலில்தான் முடியும். சேர்ந்த முதல் வாரத்திலேயே அலுவலகத்தில் இதற்குப் பொறுப்பானவர் யார் என்று விசாரித்து, அடையாள எண் உருவாகிவிட்டதா என்று கேட்டுக்கொண்டே இருப்பது நல்லது. பகுதிநேர மாணவர்களும் நிறுவனம் அனுப்பிப் படிக்க வருபவர்களும் இந்தத் திட்டத்துக்குள் வரமாட்டார்கள்.

அறிவியல் மாணவர்கள் பலர் எம்.எஸ்சி.க்குக் கட்டணம் கட்டியே ஆக வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஆராய்ச்சியில் உண்மையான நாட்டம் உள்ளவர்களுக்கு முதுநிலையையும் முனைவர் பட்டத்தையும் சேர்த்துப் படிக்கும் ஒருங்கிணைந்த முனைவர் பட்டப் படிப்பு என்ற கதவு இருக்கிறது. பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனமும் சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனமும் இளநிலை முடித்தவர்களை இதில் நேரடியாகச் சேர்த்துக்கொண்டு, முதுநிலைப் பகுதியிலேயே மாத உதவித்தொகை தருகின்றன. முன்னதற்கு ஜாம் தேர்வும், பின்னதில் இயற்பியலுக்கு ஜெஸ்ட் தேர்வும் வழி. இடங்கள் மிகக் குறைவு என்பதையும் சொல்லியாக வேண்டும்.

கலை, வணிகவியல் உட்பட எல்லாத் துறையினரும் கவனிக்க வேண்டியது பல்கலைக்கழக மானியக் குழுவின் தேசிய முதுநிலை உதவித்தொகை. ஆண்டுக்குப் பத்து மாதங்களுக்கு, மாதம் ரூ.15,000 வீதம் இரண்டு ஆண்டுகளுக்குத் தருகிறார்கள்; நாடு முழுவதும் 10,000 பேர் இளநிலை மதிப்பெண் அடிப்படையில் தேர்வு செய்யப்படுகிறார்கள்; அவற்றில் 30 சதவீதம் பெண்களுக்கு. முதலாண்டு முழுநேர மாணவராகவும் 30 வயதைக் கடக்காதவராகவும் இருக்க வேண்டும். தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். முதலாண்டில் விட்டால் இரண்டாம் ஆண்டில் பிடிக்க முடியாது.

ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர் வகுப்பு மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய படிப்புக்கான) உதவித்தொகைக்குப் பெற்றோரின் ஆண்டு வருமானம் ரூ.2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவான வரம்பு. இதில் தகுதியைவிடத் தாள்களே பலரைத் தடுக்கின்றன. வருமானச் சான்றை இ-சேவை மையம் வழியாகச் சேர்க்கைக்கு முன்பே புதுப்பித்து, ஆதாரிலும் மதிப்பெண் சான்றிதழிலும் வங்கிக் கணக்கிலும் பெயரும் முதலெழுத்தும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் முதலெழுத்து முன்னால் ஓரிடத்திலும் பின்னால் ஓரிடத்திலும் விரிவாக வேறோரிடத்திலும் இருப்பது வாடிக்கை. கணினிக்கு அவை மூன்று வெவ்வேறு ஆட்கள். இன்னொன்று: நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் பெரும்பாலான அரசுத் திட்டங்களுக்கு வெளியே போய்விடுவீர்கள். கலந்தாய்வில் சற்றுக் குறைந்த பெயருள்ள கல்லூரி கிடைத்தாலும், பணத்தைக் கணக்கில் கொண்டால் அதுவே மேல் என்பது என் கருத்து.

இத்தனைக்கும் பிறகு மீதமுள்ள தொகைக்குத்தான் கல்விக்கடன். வங்கிகளின் மாதிரித் திட்டப்படி ரூ.4 லட்சம் வரை நம் பங்குத்தொகை தேவையில்லை. அதற்கு மேல் உள்நாட்டுப் படிப்புக்கு 5 சதவீதத்தையும் வெளிநாட்டுப் படிப்புக்கு 15 சதவீதத்தையும் நாம் போட வேண்டும். ரூ.7.5 லட்சம் வரை, கடன் திரும்பாவிட்டால் வங்கிக்கு ஈடுகட்டும் கடன் உத்தரவாத நிதி இருப்பதால் சொத்துப் பிணை கேட்கக் கூடாது. வசிப்பிடம் கிளையின் சேவைப் பகுதிக்குள் இல்லை என்று சொல்லிக் கல்விக்கடனை மறுக்கக் கூடாது என ரிசர்வ் வங்கியும் அறிவுறுத்தியுள்ளது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பல நேரங்களில் அந்தக் கேள்வியிலேயே மேலாளரின் பேச்சு மாறும்.

2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பிரதமர் வித்யாலட்சுமி திட்டம், பட்டியலில் உள்ள தரவரிசை பெற்ற நிறுவனங்களில் சேர்வோருக்குப் பிணையும் ஜாமீன்தாரரும் இல்லாமல் கடன் தருகிறது. குடும்ப வருமானம் ரூ.8 லட்சத்துக்குள் இருந்து வேறு அரசு உதவித்தொகை பெறாதவர்களுக்கு, ரூ.10 லட்சம் வரையிலான கடனில் 3 சதவீத வட்டி மானியம் உண்டு. ரூ.4.5 லட்சத்துக்குள் வருமானம் உள்ள குடும்பங்களுக்குத் தொழிற்கல்வியில், தவணை தொடங்கும் வரையிலான சலுகைக் காலத்தின் முழு வட்டியையும் ஏற்கும் பழைய திட்டமும் தொடர்கிறது. அது ஒருவருக்கு ஒரு முறைதான். இளநிலையில் பயன்படுத்தியவருக்கு முதுநிலையில் கிடைக்காது.

மானியம் இல்லாத கடனின் கணக்கை ஒரு முறை தாளில் போட்டுப் பார்ப்பது அவசியம். இரண்டாண்டுப் படிப்புக்கு ஆண்டுக்கு ரூ.3 லட்சமாக ரூ.6 லட்சம், 10 சதவீத வட்டி என்று வைத்துக்கொள்வோம். படிப்புக் காலமும் அதன் பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை, ஆனால் வட்டி ஓடிக்கொண்டிருக்கும். முதல் மூன்று லட்சத்துக்கு மூன்று ஆண்டுகளில் ரூ.90,000, அடுத்த மூன்று லட்சத்துக்கு இரண்டு ஆண்டுகளில் ரூ.60,000 என, தவணை தொடங்கும் நாளில் கடன் ரூ.7.5 லட்சமாக நிற்கும். அதைப் பத்து ஆண்டுகளில் அடைத்தால் மாதம் ஏறத்தாழ ரூ.9,900, மொத்தம் சுமார் ரூ.11.9 லட்சம். பதினைந்து ஆண்டுகள் என்றால் மாதம் ரூ.8,060 ஆகக் குறைந்து, மொத்தம் ரூ.14.5 லட்சமாக ஏறும். மாறாக, முதலாண்டில் மாதம் ரூ.2,500, அதன் பின் ரூ.5,000 என வட்டியை மட்டும் அவ்வப்போது கட்டி வந்தால் கடன் ஆறு லட்சத்திலேயே நிற்கும்; பத்தாண்டுத் தவணையும் ரூ.7,930 அளவில் இருக்கும். கேட் உதவித்தொகை பெறுபவரால் இந்த வட்டியைக் கட்ட முடியும்.

வெளிநாட்டுப் படிப்புக்கு நாள்காட்டி இன்னும் முந்தியது. ஐரோப்பாவின் எராஸ்மஸ் முண்டஸ் கூட்டு முதுநிலைப் படிப்புகளில் உதவித்தொகை பெறுவோருக்குக் கட்டணம் முழுவதும் நீங்கி, மாதம் 1,400 யூரோவும் கிடைக்கிறது. பிரிட்டனின் செவனிங் உதவித்தொகைக்கு இரண்டு ஆண்டுப் பணி அனுபவம் வேண்டும். படித்து முடித்தபின் இரண்டு ஆண்டுகள் தாயகத்தில் இருக்கவும் வேண்டும். ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் கட்டணம் வாங்குவதில்லை, ஆனால் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் நம்மவர்கள் பருவத்துக்கு 1,500 யூரோ கட்ட வேண்டும். விசாவுக்கு ஓராண்டுச் செலவுத் தொகையை, மாதந்தோறும் ஒரு பகுதியை மட்டுமே எடுக்கக்கூடிய முடக்கக் கணக்கில் போட்டுக் காட்டுவதே அங்கு பெரிய தடை, ஆகவே கடன் வாங்குபவர்கள் அந்தத் தொகையையும் கடனில் சேர்க்க முடியுமா என்று வங்கியில் முதல் நாளே கேட்டுவிட வேண்டும். ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்கள் தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வி உதவித்தொகையையும் மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையையும் கடனுக்கு முன்பே பார்க்க வேண்டும்.

கடன் வாங்கி வேலைக்குச் சென்றவர்கள், கட்டும் வட்டிக்கு வருமான வரிச் சட்டப்படி எட்டு ஆண்டுகள் வரை கழிவு கோரலாம். தொகைக்கு உச்சவரம்பு இல்லை. பழைய வரிமுறையைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும், வங்கியிடம் ஆண்டுதோறும் வட்டிச் சான்று வாங்க வேண்டும்.